வேலியோரக் கருவிளை

சிசிலித் தீவில் தானே முளைத்துப் படரும் ஒரு பூங்கொடியின் விதைகளை, பிரான்செஸ்கோ குபானி என்னும் துறவி 1699ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஆங்கிலேயர் அதனை ‘ஸ்வீட் பீ’ என்றனர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அக்கொடியின் அறிவியற் பெயர் லத்தைரஸ் ஓடோராட்டஸ். பின்சொல்லுக்கு மணமுள்ளது என்பது பொருள். குளிரை விரும்பும் அச்செடி லாயாங் லாயாங்கின் வெம்மையில் தழைக்காது. ஆனால், அதே குடும்பத்து நீலப்பூங்கொடி ஒன்று இவ்வூர் வேலிகளுக்குப் புதியதன்று.

அதன் பெயரை மாணவரிடம் கேட்டால், ‘புங்கா தெலாங்’ என்று மலாய்ப் பெயரைத் தயங்காமல் சொல்வர். நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றும் பூ என்பதும் அவர்களுக்குத் தெரியும். முதியோர் சங்குப்பூ என்பர். சிலர் காக்கணம் என்பர். லின்னேயஸ் அதற்கு இட்ட பெயர் கிளிட்டோரியா டெர்னேட்டியா. அப்பெயரில் மலுக்குத் தீவுகளுள் ஒன்றான தெர்னாத்தே நிற்கிறது.

சங்கப் புலவர் இக்கொடியைக் கருவிளை என்றனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் இதுவும் ஒன்று. மாணவர் அந்தப் பட்டியலைப் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். வேலியில் பூத்திருப்பது அதுவே என்பதை மட்டும் அறியார். குறை அவர்களுடையதன்று. ‘ஒருவகைப் பூ’ என்று பொருள் எழுதிக் கடந்துவிடும் உரைநூல் வழக்கத்தை நாமும் பல்லாண்டு பின்பற்றியவர்களே.

‘கரு’ என்னும் அடை தனியே விளக்கத்தக்கது. இன்றைய மாணவர் கருமையைக் கறுப்பு என்று மட்டுமே கொள்கின்றனர். பழந்தமிழில் அது ஆழ்ந்த நீலத்தையும் தழுவி நின்றது. நீலக் குவளையையும் கருங்குவளை என்றனர். நற்றிணைப் பாடல் ஒன்று கருவிளை மலரைக் கண்ணுக்கு ஒப்பிட்டு, வாடைக்காற்றில் அது மயிற்பீலிபோல் அசைவதாகக் காட்டுகிறது. நடுவே வெண்மையும் சுற்றிலும் நீலமுமாக விரிந்த பூவைக் கையில் ஏந்திப் பார்த்தவர்க்கு அந்த உவமைக்கு உரை வேண்டா. சொல்லை மட்டும் மனனம் செய்தவர்க்கோ எத்தனை பக்க உரையும் போதாது.

கபிலர் பட்டியலில் செருவிளையும் உண்டு. அதனை வெண்காக்கணம், அதாவது இக்கொடியின் வெள்ளைப்பூ வகை, என்று கொள்வர். இயன்றால் ஆசிரியர் இரண்டையும் கொய்து வந்து வகுப்பு மேசைமேல் வைக்கட்டும்; பாட்டை அதன்பின் திறக்கலாம்.