நீருக்கடியில் ஓர் ஊர்: பழைய மஸ்கெலியாவும் அதன் வழிபாட்டிடங்களும்

மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகும் காலம். ஹற்றனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ்கள் இரவு பகலாக ஓடும். மழை குறைந்த மாதங்களும் இவைதான். மாசி, பங்குனியில் வறட்சி கடுமையானால் மஸ்கெலியாவின் அருகிலுள்ள மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, சேறு வெடித்துக் கிடக்கும். அந்தச் சேற்றுக்கு மேலே சுவர்களும் தூண்களும் எழுந்து நிற்பதைக் காணலாம். அது ஓர் இந்துக் கோவில், ஒரு பள்ளிவாசல், ஒரு பௌத்த விகாரை ஆகியவற்றின் எச்சம். பழைய மஸ்கெலியா நகரில் இன்றும் கண்ணுக்குத் தெரிபவற்றுள் இவையும் உண்டு.

ஊர் எப்படி நீருக்குள் போனது என்பதைச் சொல்ல வேண்டும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடித்தான் களனி கங்கை உண்டாகிறது. இந்த இரு ஆறுகளின் நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துக் கூறினார். அது நடைமுறைக்கு வர நெடுங்காலம் சென்றது. 1950இல் பழைய லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் கெஹெல்கமு ஓயாவின் நீர் காசல்ரீயில் தேக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் மஸ்கெலி ஓயாவுக்குக் குறுக்கே மவுசாகலை அணை எழுந்தது. பள்ளத்தாக்கில் இருந்த நகரம் நீருக்குள் மூழ்கியது. இன்றுள்ள மஸ்கெலியா அதற்குப் பின்னர் மேட்டில் அமைந்த புதிய நகரம்.

வீடுகளும் கடைகளும் மறைந்துவிட, வழிபாட்டிடங்கள் ஏன் நிற்கின்றன? இதில் அற்புதம் ஒன்றுமில்லை. ஊரைவிட்டுப் போகிறவன் கூரைத் தகரம், கதவு, நிலை, ஜன்னல், வளை என்று கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிக்கொண்டுதான் போவான். எஞ்சும் மண் சுவர் ஒரு மழைக்காலம் நீரில் ஊறினால் கரைந்துவிடும். கோவிலையும் பள்ளியையும் விகாரையையும் ஊரார் கல்லாலும் சுண்ணாம்பாலும் சீமெந்தாலும் தங்கள் வீடுகளைவிடப் பலமாகக் கட்டியிருந்தார்கள். அவற்றை இடிக்க யாருக்கும் கை வரவுமில்லை.

டிக்கோயாவில் இதற்கு மாறான காட்சி. 1878இல் கட்டப்பட்ட வார்லி கிறிஸ்து ஆலயம் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. துரைமார் தங்கள் ஆலயத்துக்கு மேட்டைத் தெரிந்தெடுத்ததால் அது தப்பியது.

இடம்பெயர்ந்த நமது குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வழிபாட்டிடத்தை விட்டுவிட்டு வரலாமா? ஒவ்வொரு சமயத்துக்கும் இதில் தன் வழி உண்டு. கோவிலை மாற்றும்போது பாலாலயம் செய்து, தெய்வ சக்தியைக் கும்பத்திலோ அத்திப் பலகையில் எழுதிய உருவத்திலோ இறக்கி, புதிய இடத்தில் கும்பாபிஷேகம் நடக்கும்வரை அங்கே வைத்து வழிபடுவார்கள். விகாரையிலிருந்து தாதுக்களையும் திருவுருவங்களையும் எடுத்துச் செல்வர்; புதிய இடத்தில் வெள்ளரசங் கன்று நடுவர். பள்ளிவாசலுக்கென வக்பு செய்த நிலம் விற்பதற்கோ பங்கு பிரிப்பதற்கோ உரியதல்ல. ஆகவே அதைக் கைவிடுவது இலேசான காரியமல்ல. கிறிஸ்தவர்கள் நற்கருணைப் பேழையையும் மணியையும் பதிவேடுகளையும் கொண்டு செல்வர்.

இந்தப் பதிவேடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் தானும் தன் தகப்பனும் பிறந்ததற்கு ஆதாரம் காட்டு என்று தோட்ட மக்களிடம் கேட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த பலருக்கு உரிமை வழங்கும்வரை அது நீடித்தது. இன்றும் காலங்கடந்து பிறப்பைப் பதியப் போகிறவர் காட்டக்கூடிய ஆதாரங்களில் ஞானஸ்நானப் பதிவு ஒன்று. ஆலயம் மூழ்கலாம், அதன் புத்தகம் நனையக்கூடாது என்பது என் எண்ணம்.

கொத்மலையில் நடந்தது வேறு வகை. 1985இல் முடிந்த அந்த மகாவலி அணைக்காக விவசாயக் குடும்பங்கள் பெருந்தொகையாக எழுப்பப்பட்டன. சிலருக்கு மகாவலி வலயங்களில் வயல், சிலருக்கு அருகிலேயே தேயிலைக் காணி. கடதொர விகாரையின் எச்சங்கள் நீர் இறங்கும்போது அங்கே தலைகாட்டுகின்றன. இழந்தவற்றின் நினைவாக எழுப்பப்பட்ட மகாவலி மகா சேய தாதுகோபம் 2016இல்தான் முடிந்தது. கொத்மலை விவசாயியிடம் காணி உறுதி இருந்தது. லயக் காம்பிராவில் இருந்தவனிடம் காட்ட உறுதி ஏது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். சம்பளத்தில் சந்தா பிடித்துக் கட்டிய கோவிலைத்தான் அவன் தன்னுடையது என்று சொல்ல முடிந்தது. ஆகவேதான் நமது பெரியவர்கள் பழைய ஊரைப் பற்றிப் பேசும்போது வீட்டை அல்ல, கோவிலை அடையாளம் வைத்துப் பேசுகிறார்கள்: மாரியம்மன் கோவிலுக்கு மேல் லயம், பிள்ளையார் கல்லுக்குக் கீழ் பீலி.

நமது பாட்டன்மார் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலும் இந்தக் கதை உண்டு. காவிரியில் 1934இல் மேட்டூர் அணை முடிந்தபோது மூழ்கிய ஊர்களிலிருந்து மக்கள் மேட்டுக்குப் போனார்கள். அணை வற்றும்போது பண்ணவாடிப் பக்கத்தில் ஒரு நந்தியும், ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். எந்த அளவுக்கு நீர் இறங்கியிருக்கிறது என்பதை அவற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

உங்கள் பழைய ஊர் நீரிலோ மண்சரிவிலோ போயிருந்தால், அதை அறிந்த பெரியவர் ஒருவரை அழைத்து ஒரு கொப்பித் தாளில் படம் வரையச் சொல்லுங்கள். கோவிலை நடுவில் வைத்துத் தொடங்கினால் மற்றவை தாமாக நினைவுக்கு வரும்: ஓடை, பீலி, ஸ்டோர், பிள்ளைக் காம்பிரா, மயானம். மணியிலும் கல்லிலும் பொறித்திருந்த உபயகாரர் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள்.

மவுசாகலைக்குப் பார்க்கப் போகிறவர்கள் அப்பகுதியை அறிந்த ஒருவரோடு போவது நல்லது. மேலே காய்ந்து தெரியும் சேறு, நீரோரத்தில் முழங்கால்வரை இழுக்கும். கல்லையோ ஓட்டையோ எடுத்து வரவேண்டாம். தென்மேல் பருவமழை தொடங்கினால் சில வாரங்களில் எல்லாம் மறுபடியும் நீருக்குள் போய்விடும்.