கருவிக்கு முன்னே அடிப்படை!

மின்கட்டணம் செலுத்துவது, ரயில் பயணத்துக்கு முன்பதிவு செய்வது, தேர்வு முடிவைத் தெரிந்துகொள்வது என அன்றாட வாழ்வின் பல பணிகள் இன்று இணையச் செயலிகளின் வழியாகவே நடைபெறுகின்றன. அவற்றை உருவாக்கும் கலையைக் கற்க இளைஞர்கள் ஆர்வம் காட்டுவது வரவேற்கத்தக்கது. ஆனால், சில வாரங்களில் வேலைக்குத் தயார்ப்படுத்துவதாகக் கூறும் பயிற்சிகள் பலவும், அப்போதைக்குப் புகழ்பெற்ற ஓரிரு கருவிகளை இயக்கக் கற்றுத் தருவதோடு நின்றுவிடுகின்றன.

கருவிகள் மாறக்கூடியவை. 2010-இல் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்ற ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவை, 2021-ஆம் ஆண்டு இறுதியுடன் கூகுள் முடித்துக்கொண்டது. அதை மட்டுமே அறிந்திருந்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

மாறாதது அடித்தளம். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டத்திலிருந்து வைய விரிவு வலை பிறந்தது. 1993 ஏப்ரல் 30-இல் அதன் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என செர்ன் அறிவித்தது. அன்று வகுக்கப்பட்ட மூன்று கூறுகளே இன்றும் வலையைத் தாங்கி நிற்கின்றன: பக்கத்தை அடையாளம் காட்டும் முகவரி, தகவலைக் கேட்டுப் பெறுவதற்கான ஹெச்டிடிபி நெறிமுறை, பக்கத்தை வடிவமைக்கும் ஹெச்டிஎம்எல் மொழி.

ஓர் இணையச் செயலி இயங்கும் விதம் எளிமையானது. பயனாளர் படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும், உலாவி ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. தொலைவிலுள்ள சர்வர் அதைச் சரிபார்த்து, தரவுத்தளத்தில் தேடி, விடையைத் திருப்பி அனுப்புகிறது. இதில் ஒரு விந்தை உண்டு. ஹெச்டிடிபி நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதியதே. ஒரு நொடிக்கு முன்பு உள்நுழைந்தவர்தான் மீண்டும் வந்திருக்கிறார் என்பதை சர்வருக்கு உணர்த்தும் அடையாளச் சீட்டாக, 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் குக்கீ உருவாக்கப்பட்டது.

இதை அறிந்தவருக்கே அடுத்த உண்மை புலப்படும்: உலாவியிலிருந்து வரும் எதையும் அப்படியே நம்பக் கூடாது. பொருளின் விலையை உலாவி அனுப்பும் தகவலிலிருந்து எடுத்துக்கொண்டால், ஆயிரம் ரூபாயை ஒரு ரூபாயாக மாற்றி அனுப்ப ஒருவரால் முடியும். பயனாளர் தட்டச்சு செய்ததை எஸ்க்யூஎல் கட்டளையோடு அப்படியே ஒட்டினால், பெயருக்குரிய கட்டத்தில் கட்டளையின் துண்டை எழுதி, தரவுத்தளம் முழுவதையும் கவர்ந்துவிட முடியும். கட்டளையையும் தரவையும் தனித்தனியே அனுப்புவதே இதற்கான தீர்வு. கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், மூலத்தை மீட்க இயலாத வடிவில் மாற்றிச் சேமிப்பதும் அடிப்படைப் பாடமே.

இவை வெறும் தொழில்நுட்ப நுணுக்கங்கள் அல்ல. ஒரு செயலியின் பின்னே மக்களின் கைப்பேசி எண்ணும், மருத்துவக் குறிப்பும், வங்கிக் கணக்கு விவரமும் இருக்கின்றன. தனிப்பட்ட தரவைக் காக்கப் போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க, இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழிவகுக்கிறது.

நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தரும்போது இவற்றையெல்லாம் கற்பானேன் என்று சிலர் கேட்கலாம். எழுதித் தரப்பட்டது சரியா, பிழையா என்று தீர்மானிக்கும் பொறுப்பு மனிதனுடையது. அடிப்படை அறியாதவர், தான் படிக்காத பத்திரத்தில் கையொப்பமிடுபவருக்கு ஒப்பானவர்.

எனவே, கற்கத் தொடங்குவோர் முதலில் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். பிறகு, ஊர்ப்புற நூலகத்தின் புத்தக இரவல் பதிவேடு போன்ற சிறிய செயலி ஒன்றை, பெரிய கருவிகளின் துணையின்றி உருவாக்கிப் பார்க்க வேண்டும். உலாவியிலேயே உள்ள மேம்பாட்டாளர் கருவிகளைத் திறந்தால், போகும் கோரிக்கையையும் வரும் விடையையும் கண்ணாலேயே காணலாம். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. பொறுமை ஒன்றே முதலீடு.

கல்லூரிகளும் எத்தனை கருவிகளைக் கற்பித்தோம் என்று கணக்குப் பார்ப்பதை விடுத்து, ஒரு கோரிக்கை புறப்பட்டுத் திரும்பும் பாதையை மாணவர் விளக்க முடிகிறதா என்று சோதிக்கட்டும். அந்தப் பாதையை அறிந்தவர், நாளை எந்தக் கருவி வந்தாலும் தடுமாற மாட்டார்.