ஓடைக்குக் குறுக்கே ஒரு கோடு

நீரோரத் தாவரங்கள் காட்டின் பரப்பில் சிறு பங்கையே பிடித்திருந்தாலும், வெள்ளம் கரையை அறுத்து வெற்றிடம் உண்டாக்குவதாலும், விதைகள் நீரோடு வந்து ஒதுங்குவதாலும், ஈரம் கோடையிலும் தங்குவதாலும், அயல் செடிகள் காலூன்றுவதற்கு அவ்விடம் மிகவும் தோதானது. தேவர்சோலையை அடுத்த முதுமலையில், நீர்மருதும் நாவலும் நிற்கும் ஓடைக்கரைகளில் உண்ணிச்செடி புதர்புதராக மண்டியிருப்பது இதற்குச் சான்று. இம்மாற்றத்தை அளக்க ஒவ்வொரு செடியையும் எண்ணுவது நடவாத காரியம் என்பதால், சில இடங்களை மட்டும் அளந்து முழுமையை மதிப்பிடும் மாதிரிக் கணக்கெடுப்பு தேவைப்படுகிறது. எங்கே, எந்த வடிவில், எத்தனை இடங்களில் அளப்பது என்று முன்கூட்டியே வகுப்பதில்தான் அதன் வெற்றி இருக்கிறது.

முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1988இல் 50 ஹெக்டேர் பரப்பில் ஒரு நிரந்தர ஆய்வுத்திடலை அமைத்து, மார்பளவு உயரத்தில் 1 செ.மீ. தடிமனை எட்டிய ஒவ்வொரு தண்டுக்கும் எண் கட்டிக் கண்காணித்து வருகின்றனர். எந்த மரம் எப்போது செத்தது என்பது வரை சொல்லும் அரிய பதிவு அது. ஆயினும் எவ்வளவு பெரிதானாலும் அது ஓர் இடமே. ஈரம் மிகுந்த மேற்கிலிருந்து முட்காடாக வறளும் கிழக்கு வரை ஓடைக்கரைகள் எவ்வாறு வேறுபடுகின்றன என்ற கேள்விக்கு வேறொரு முறை வேண்டியிருந்தது.

கீதா ராமசுவாமியும் சுகுமாரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அத்தகையது. மழையளவு மாறிச்செல்லும் நிலப்பரப்பு முழுவதிலும் அளவைக் கோடுகளைப் பரப்பி, ஓடையிலிருந்து உள்ள தொலைவு, மழை, வெளிச்சம், காட்டுத்தீயின் வரலாறு ஆகியவற்றோடு உண்ணிச்செடியின் பரவலை அவர்கள் ஒப்பிட்டனர். ஓடையை ஒட்டிய இடங்களிலேயே செடி மிகுந்திருந்தது. 1989 முதல் 2010 வரை அடிக்கடி தீப்பற்றிய இடங்களில், ஓடை அருகே இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், தண்டுகள் குறைந்திருந்தன. வறண்ட பகுதியில் ஓடையருகே வளர்வது உண்ணிச்செடிக்குத் தனி அனுகூலம் தந்திருக்கும் என்று எவரும் ஊகிக்கக்கூடும். அந்த ஊகத்துக்கு அளவீடு இடம் தரவில்லை.

கரைநிலம் ஒரு நாடா போன்றது: நீளவாக்கில் நெடுந்தொலைவு ஒரேபோல் தோன்றினாலும், அகலவாக்கில் நீர்விளிம்பு, வண்டல் மேடு, மேட்டுக்காடு எனச் சில மீட்டர்களுக்குள் மூன்று உலகங்கள் மாறிவிடும். ஆகவே அளவைக் கோடு ஓடைக்குக் குறுக்கே செல்ல வேண்டும். அதன்மீது அமையும் சிறு கட்டங்களோ ஓடைக்கு இணையாக நீண்டு, ஒவ்வொன்றும் ஒரே ஈரநிலைக்குள் அடங்க வேண்டும். கோடுகளைப் பாலத்தடியிலும் பாதையோரத்திலும் வசதிக்காக இட்டால், மனித நடமாட்டத்தை விரும்பும் செடிகளே கணக்கில் பெருகும். ஓடையின் நீளத்தைச் சம இடைவெளிகளாகப் பிரித்து, முதல் இடத்தை மட்டும் குலுக்கலில் தேர்வது எளிய மாற்று. எனினும் அந்த இடைவெளி ஓடையின் வளைவுகளோடு பொருந்திவிட்டால், எல்லாக் கோடுகளும் வண்டல் சேரும் உள்வளைவிலேயே விழக்கூடும்.

எத்தனை கோடுகள் என்பது செலவையும் பொறுத்தது. வங்காளத்தின் சணல் சாகுபடியை 1930களில் மாதிரி முறையில் மதிப்பிட்ட பி. சி. மகலனோபிஸ், முதலில் சிறு முன்னோட்ட ஆய்வு நடத்தி, செலவையும் பிழையையும் ஒருசேர எடைபோட வேண்டும் என்றார். மாதிரிப் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு தேவைப்படும் என்பதால், உழைப்பைக் கூட்டுவதைவிட அதைப் பங்கிடுவதே முக்கியம். யானை நடமாடும் காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர் துணையுடன் ஓரிடத்தை அடைவதற்கே அரைநாள் போய்விடக்கூடும். அதனால் அங்கேயே பல கட்டங்களை அளந்து முடிக்கும் ஆசை எழும். ஆனால் அருகருகே உள்ள கட்டங்கள் ஏறத்தாழ ஒரே செய்தியையே சொல்லும்; பத்தாவது கட்டம் தரும் புதுத் தகவல் அற்பம். மாறுபாடு மிகுந்த பகுதிக்குக் கூடுதல் கோடுகளை ஒதுக்குவது அதனினும் பயனுள்ளது.

மாற்றத்தை அறிய அதே கோட்டுக்கு அதே பருவத்தில் திரும்பிச்செல்ல வேண்டும். கரையில் அடித்த முளைகளை வெள்ளம் கொண்டுபோகும். நீர்விளிம்பும் ஆண்டுக்காண்டு நகரும். எனவே கோட்டின் தொடக்கத்தை நீர் எட்டாத மேட்டில் ஒரு பாறையில் குறித்து, தொலைவை அங்கிருந்து ஆற்றை நோக்கி அளந்துவருவதே வழி.