போக்கரா, மாதச் சம்பளமா?

2025 ஆகஸ்ட் 20 அன்று ஒரு மசோதா மக்களவைக்கு வந்து அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஏற்றது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டம் அது. போக்கர்பாஸி போன்ற தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. ஆன்லைன் போக்கரையே தொழிலாக நம்பியவர்களின் வருமானத்துக்கு மூன்றே நாளில் பூட்டு விழுந்தது.

சென்னை அயனம்பாக்கத்தில் குடியிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் போகிறவரோ, ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவரோ, வேலையை விட்டு முழுநேரம் சீட்டில் இறங்க நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

திறமைக்கு இதில் இடமில்லை என்று சொல்ல முடியாது. ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்களே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2018இல் இந்தியாவின் நிகிதா லூதர், லாஸ் வேகாஸில் நடக்கும் உலக போக்கர் தொடரில் ஜோடி ஆட்டத்துக்கான வெற்றிப் பரிசான பிரேஸ்லெட்டை வென்றார். ஆனால் புதிய மத்தியச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

மிச்சம் இருப்பது கோவா கேசினோ போன்ற நேரடி மேஜைகள். அங்கே மணிக்கு 30 ஹேண்ட் (சீட்டு போட்டு ஆடும் சுற்று) வந்தாலே அதிகம். 100 ஹேண்டுக்குச் சராசரியாக 5 பிக் பிளைண்ட் (சுற்றின் தொடக்கத்தில் கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயத் தொகை) லாபம் பார்ப்பவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அதே 100 ஹேண்டில் அவர் கையிருப்பு 100 பிக் பிளைண்ட் வரை ஏறி இறங்குவது சகஜம். இந்தக் கணக்கின்படி 10,000 ஹேண்ட் முடிந்த பிறகும் அவர் நஷ்டத்தில் நிற்க ஏறக்குறைய பத்துக்கு மூன்று வாய்ப்பு உண்டு. தினமும் எட்டு மணி நேரம் ஆடினால் 10,000 ஹேண்டுக்கு ஆறு வாரம் ஆகும். திறமைசாலிக்கே இந்த நிலை! வீட்டு வாடகையோ ஒன்றாம் தேதி வந்து நிற்கும். பந்தயப் பணத்தில் கேசினோ எடுக்கும் பங்கான ரேக், பயணம், அறை வாடகை எல்லாம் தனி.

வரி இன்னும் கடுமை. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே இல்லை. சீட்டாட்டத்தில் 12 லட்சம் ஜெயித்தால் 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 3,74,400 ரூபாய். கேசினோவில் தோற்ற தொகையை இதில் கழிக்கவும் முடியாது.

சம்பளக்காரரின் பி.எஃப். கணக்கில் முதலாளியும் பணம் போடுகிறார். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவம் குடும்பத்துக்கே கிடைக்கும். வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் கேட்பது சம்பளச் சீட்டைத்தான். எனவே குடும்பப் பொறுப்பு உள்ளவர் வேலையை விடக் கூடாது.

ஏற்கெனவே பணத்தை விட்டுக் கடனில் தவிப்பவர்கள் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம்; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.