கைமாறிய வலைத் துண்டு

நம் பெண்கள் திடலில் ஆடுவதைப் பார்த்திருக்கிறோம். பயிற்சியாளராக எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்? அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கும் இதே கேள்வி இருந்தது.

கரோலின் பெக் 1993 முதல் டென்னஸி, கென்டக்கி, பர்டூ பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணிகளில் உதவிப் பயிற்சியாளர். எதிரணியை அலசுவது, புது வீராங்கனைகளைத் தேடிப் பிடிப்பது என உழைப்பு உதவியாளருடையது; பெயர் தலைமைக்கு. 'உதவி' என்ற ஒட்டு ஓய்வுபெறும்வரை உதிராத கதை நமக்குப் புதிதா என்ன?

1997-ல் பர்டூவில் தலைமைப் பொறுப்பு பெக்கிடம் வந்தது. 1999-ல் தேசியக் கோப்பை. முதல் பிரிவில் அதை வென்ற முதல் கறுப்பினப் பெண் பயிற்சியாளர் அவரே. அடுத்தவர் வர 18 ஆண்டுகள் ஆயின.

வென்ற அணி கூடை வலையை அறுத்தெடுப்பது அங்கே வழக்கம். தன் வலைத் துண்டு ஒன்றை டான் ஸ்டேலியிடம் கொடுத்திருந்தார் பெக். 2017-ல் ஸ்டேலி வென்றார். 2021-ல் தன் வலையைத் துண்டுகளாக்கி, கறுப்பினப் பெண் தலைமைப் பயிற்சியாளர்களுக்கு அனுப்பிவைத்தார்.