கண்ணாடி பூத்தில் மூன்று பேர்

சென்னையில் மருத்துவ மாநாடு நடத்தப்போகும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அல்ஜீரியாவிலிருந்தும் ஓமனிலிருந்தும் டாக்டர்கள் வருகிறார்களாம். 'அரபு, பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் தெரிந்த ஒருவர் கிடைத்தால் போதும்தானே?'

போதாது.

என் பெரியப்பா கச்சேரிகளில் பக்கவாத்தியமாக வயலின் வாசித்தவர். பாடகர் ஆலாபனையை எங்கே கொண்டுபோவார் என்று தெரியாமலே, கொஞ்சம் பின்தங்கி அதே சங்கதியைப் பிடித்துக்கொண்டு வருவார். உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர் செய்வதும் அதுதான். ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே அடுத்த வாக்கியத்தைக் கேட்க வேண்டும். மூளை சீக்கிரம் களைத்துவிடும். அதனால் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள்.

ஐ.நா. சபையில் மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்து பேசும் கண்ணாடி பூத்களில் எனக்குப் பிடித்தது அரபு பூத். 1973-இல்தான் பொதுச்சபையின் அலுவல் மொழிகளில் அரபு சேர்ந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் பூத்களில் வழக்கமாக இரண்டு பேர்தான். பிற மொழியைக் கேட்டுத் தங்கள் மொழியில் சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்தது. அரபிலும் சீனத்திலும் மூன்று பேர். இவர்களுக்குப் போக்கும் உண்டு, வரத்தும் உண்டு. ஆங்கிலத்தைக் கேட்டு அரபில் சொன்னவரே, அரபு நாட்டுப் பிரதிநிதி பேச ஆரம்பித்ததும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொல்ல வேண்டும். ரஷ்ய பூத்தில் அரபு தெரிந்தவர் இல்லையென்றால், இவர் சொல்வதைக் கேட்டுத்தான் ரஷ்யனில் சொல்வார்கள். இவர் ஒரு 'இல்லை'யை விட்டுவிட்டால் அங்கேயும் விட்டுப்போகும். 2009-இல் லிபியாவின் கடாஃபி 15 நிமிடத்துக்கு வந்துவிட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பேசினார்; அந்த பூத்தை நினைத்தால் எனக்கே தொண்டை வறள்கிறது.

நம் ஊரிலோ, 'மஸ்கட்டில் டிரைவராக இருந்தவராச்சே, நன்றாக அரபு பேசுவார்' என்று, சிகிச்சைக்கு வரும் அரபு நோயாளிக்கு மொழிபெயர்க்க உட்காரவைக்கிறார்கள். கடைத்தெருவில் அவர் கெட்டிக்காரர்தான். ஆபரேஷனுக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது என்பதை அவர் தலையில் கட்டுவது அவருக்கும் நியாயமில்லை, நோயாளிக்கும் நியாயமில்லை.

ஆள் தேடும் வாசகருக்கு: மாநாட்டு மொழிபெயர்ப்பாளர்களுக்கு 1953-இல் தொடங்கிய சர்வதேசச் சங்கம் ஒன்று இருக்கிறது, ஏ.ஐ.ஐ.சி. அதன் உறுப்பினர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்று மொழிகளைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஏ தாய்மொழி அல்லது அதற்கு நிகரானது. பி அவரால் பேசவும் முடிகிற மொழி. சி கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும். பிரெஞ்சு சி-யில் இருப்பவரை அல்ஜீரிய டாக்டருக்காகப் பிரெஞ்சில் பேசச் சொல்லாதீர்கள். நாள் முழுக்க நடக்கும் கூட்டத்துக்கு ஒரே ஆளை அமர்த்திக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பூத்தைத் தூணுக்குப் பின்னால் போடாதீர்கள், பேசுபவர் முகமும் திரையும் தெரிய வேண்டும். கட்டுரைகளை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். டாக்டர் மேடையேறும்போது வாட்ஸப்பில் வரும் 40 பக்கத்தை யாராலும் படிக்க முடியாது.