உஷார்! குடியரசு போனதே தெரியாமல் இருந்தது ஒரு ஊர்!

ரோமில் குடியரசு முடிந்தது எப்போது? பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் கி.மு. 27 என்று டக்கென்று சொல்லும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் தயவுசெய்து அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஏதோ ஒருநாள் காலையில் முரசறைந்து, இன்று முதல் மன்னராட்சி என்று அறிவித்துவிட்டார்கள் என்ற நினைப்பை அந்த ஒற்றை வருஷம் உண்டாக்கிவிடுகிறது.

அப்படி ஒரு அறிவிப்பு வரவே இல்லை!

அந்த வருஷம் ஜனவரியில் அகஸ்டஸ் செனட் சபையில் அறிவித்தது என்ன தெரியுமா? குடியரசை உங்களிடமே திருப்பிக் கொடுக்கிறேன் என்று. சபையும் மகிழ்ந்து போய்ப் பட்டம் கொடுத்தது. இதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

அதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். கி.மு. 82. உள்நாட்டுப் போரில் ஜெயித்த தளபதி சுல்லா ரோமைக் கையில் எடுத்துக்கொண்டார். பொதுச் சதுக்கத்தில் பெயர்ப் பட்டியல் வைத்தார்கள். முதலில் 80 பேர். அடுத்து 220. அதற்கடுத்தும் அதே அளவு. பட்டியலில் பெயர் இருக்கிறதா? யார் வேண்டுமானாலும் கொல்லலாம். கொன்றவருக்குச் சன்மானம். ஒளித்து வைத்தால், அது பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும், ஒளித்தவருக்கும் மரணம். சொத்து முழுக்கப் பறிமுதல்.

நான் சொல்ல வந்த மனிதர் அரசியல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். அடுத்தவர் துக்கத்துக்கு ஆறுதல் சொல்வதோடு தன் பங்கு முடிந்தது என்று நம்பியவர். சதுக்கத்துக்கு வந்து பட்டியலைப் படித்தார். அதில் அவர் பெயரே இருந்தது. ஆல்பா பக்கம் அவருக்கு ஒரு தோட்டம் உண்டு. அந்தத் தோட்டம்தான் தன்னைத் துரத்துகிறது என்று புலம்பினாராம். புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. பின்னாலேயே வந்து வெட்டிப்போட்டார்கள்.

நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கி இருந்தவர் அவர். ஞாபகம் வையுங்கள்.

இது திடீரென்று வந்ததா? இல்லவே இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்பே அபாய மணி அடித்துவிட்டது. கி.மு. 133-ல், ஏழைகளுக்கு நிலம் கேட்ட டைபீரியஸ் கிராக்கஸை செனட்டர்களே கும்பலாக வந்து அடித்துக் கொன்றார்கள். கையில் வாள் இல்லை. உடைந்த பெஞ்சுக் கால்கள்! அவர் ட்ரிப்யூன், அதாவது மக்களின் காவலர். அந்தப் பதவியில் இருப்பவர் மேல் கை வைப்பதே தெய்வக் குற்றம் என்று இருந்த ஊர் அது. அன்று செத்தவர்கள் 300 பேருக்கு மேல். உடல்களை டைபர் ஆற்றில் தள்ளினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் தம்பிக்கும் அதே கதி.

அரசியல் சண்டையில் ரத்தம் சிந்துவதைப் பார்த்து "அவனுக்கு வேண்டும்" என்று ஊர் பேச ஆரம்பித்தால், அங்கேயே உஷாராகுங்கள்!

அடுத்த அபாயம் நல்ல காரியம் போலவே வந்தது. அதனால்தான் யாருக்கும் உறைக்கவில்லை. கி.மு. 107-ல் தளபதி மாரியஸ் நிலமில்லாத ஏழைகளைப் படையில் சேர்த்தார். பிழைப்பு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் போர் முடிந்து வீடு திரும்பும்போது பிழைக்க நிலம் யார் கொடுப்பது? அரசு முறையாக எதுவும் செய்யவில்லை. தளபதிதான் முட்டி மோதி வாங்கித் தரவேண்டும். அப்புறம் சிப்பாயின் விசுவாசம் யாரிடம் போகும், சொல்லுங்கள்? கி.மு. 88-ல் சுல்லா ரோம் மேலேயே படையெடுத்தபோது, அவருடைய அதிகாரிகள் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் விலகி ஓடினார்கள். சிப்பாய்கள் மட்டும் கூடவே நடந்தார்கள்.

பதவிக் கெடு நீள்கிறதா? அதையும் கவனியுங்கள். நெருக்கடி நேரத்தில் நியமிக்கும் சர்வாதிகாரிக்கு ரோம் கொடுத்த கெடு ஆறே மாதம். சுல்லா கெடுவே இல்லாமல் எடுத்துக்கொண்டார். பிறகு தானாக இறங்கிவிட்டார், உண்மை. ஆனால் வழி திறந்துவிட்டது. சீசருக்கு முதல் தடவை 11 நாள். அப்புறம் ஒரு வருஷம். கி.மு. 46-ல் பத்து வருஷம். 44-ல் ஆயுள் முழுக்க! அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நகர்ந்துவிட்டது.

சீசரைக் கொன்றால் சரியாகிவிடும் என்று சிலர் நினைத்தார்கள். மார்ச் 15, 23 குத்துகள். குடியரசு திரும்பியதா? அடுத்த வருஷமே ஆன்டனி, லெபிடஸ், ஆக்டேவியன் மூவரும் மறுபடி பட்டியல் போட்டார்கள். சிசரோவின் தலையையும் கையையும் வெட்டி, அவர் பேசிப் பேசிப் புகழ்பெற்ற அதே மேடையில் வைத்தார்கள்.

அந்த ஆக்டேவியன்தான் பின்னால் அகஸ்டஸ். ஆன்டனியைத் தோற்கடித்த ஆக்டியம் கடற்போருக்குப் பிறகு எதிர்க்க ஆள் இல்லை. ஜனங்களும் களைத்துப்போயிருந்தார்கள். சண்டை நின்றால் போதும், தானியம் வந்தால் போதும். என் பார்வையில் எல்லா அறிகுறியிலும் மோசமானது இந்தக் களைப்புதான். செனட் கூடியது, தேர்தல் நடந்தது, தலைமை அதிகாரிகளான கான்சல்கள் பதவியேற்றார்கள். ஆனால் பெரும்பாலான படைகள் இருந்த மாகாணங்கள் அகஸ்டஸ் கையில். ட்ரிப்யூன் ஆகாமலே ட்ரிப்யூன் அதிகாரமும் கி.மு. 23-லிருந்து அவர் கையில்.

சந்தேகமா? நம்மூர் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. வணிகத்தில் வந்து கோவை வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் ஒரு வகையைப் பாருங்கள். ஒரு பக்கம் அகஸ்டஸின் தலை. உயிரோடு இருப்பவர் முகத்தை ரோமின் காசில் போடும் வழக்கமே சீசர் காலம் வரை இல்லை! மறு பக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு பையன்கள். அவர் மகள் வயிற்றுப் பேரன்கள் கேயஸ், லூசியஸ். வருங்காலக் கான்சல்கள் என்று சுற்றிலும் எழுதியிருக்கிறது. கேயஸுக்கு அந்தப் பதவியை ஒதுக்கியபோது வயது 14. வாரிசை ஊரறியக் காசிலேயே அடித்துவிட்டார்கள். அதற்குப் பெயர் குடியரசு!

கி.பி. 14-ல் அகஸ்டஸ் கண் மூடினார். பழைய ஆட்சியைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்போது அநேகமாக மிச்சமில்லை. அதே வருஷம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடமிருந்து செனட்டுக்குப் போனது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். கி.பி. 41-ல் பேரரசர் கலிகுலா கொலையானதும் செனட் கூடி, குடியரசை மீட்கலாமா என்று விவாதித்தது. அதற்குள் காவல் படை கிளாடியஸைப் பேரரசர் ஆக்கிவிட்டது. அவர் அந்த வீரர்களுக்கு ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் காசு தருவதாக ஒப்புக்கொண்டார். விவாதம் முடிந்தது.

கான்சல் பதவியை மட்டும் அப்போது யாரும் நீக்கவில்லை. கி.பி. 541 வரை ஆட்கள் அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டே இருந்தார்கள். அதிகாரம் போய் 500 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.